குழந்தையோடு கச்சேரிக்குப் போகலாமா?

கச்சேரி கேட்கும் வழக்கமுள்ள வீட்டில் குழந்தை பிறந்ததும் முதலில் நின்றுபோவது கச்சேரிதான். சினிமா சில மாதம் தள்ளிப்போகும், பிறகு திரும்பிவிடும். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் கடைவீதிக்கும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகத் தயங்காதவர்கள், சபா வாசல் என்றால் மட்டும் நின்றுவிடுகிறார்கள். 'பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று ஒதுங்குவது பெரும்பாலும் தாய். ஐந்தாறு ஆண்டுகள் கழித்து அவர் திரும்பிப் பார்க்கும்போது பள்ளிக்கூடமே குறுக்கே நிற்கிறது. சென்னையின் மார்கழி இசைவிழா சூடு பிடிக்கும் டிசம்பர் நடுவில்தான் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு. விடுமுறை விடுவதற்குள் விழாவில் ஒரு நல்ல பகுதி முடிந்துவிடும். அடுத்த குழந்தை, டியூஷன், பொதுத்தேர்வு என்று பதினைந்து ஆண்டுகள் இப்படியே ஓடிவிடுகின்றன. அரங்கில் நரைத்த தலைகளே தெரிகின்றன என்று ஒவ்வொரு மார்கழியிலும் வருத்தப்படுகிறோம். அங்கே காணாமல் போனவர்கள் பிள்ளை வளர்க்கும் வயதில் இருக்கும் ஒரு தலைமுறையும், அவர்கள் மடியில் இருக்கும் அடுத்த தலைமுறையும். இசையை நேசிக்கும் பெற்றோர் கச்சேரியையும் விட வேண்டாம், குழந்தையை வீட்டிலும் விட வேண்டாம். கூட்டிக்கொண்டு போகட்டும், சபாக்கள் அவர்களுக்கு இடம் செய்யட்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இது புதிய வழக்கமும் அல்ல. தமிழ் மண்ணில் நெடுங்காலம் இசை கேட்பது குழந்தைகளை நடுவில் வைத்துக்கொண்டுதான் நடந்திருக்கிறது. கோயில் திருவிழாவில் சுவாமி புறப்படும்போது நாகஸ்வரத்தில் மல்லாரி வாசிப்பார்கள். கம்பீர நாட்டை ராகத்தில், சாகித்தியம் இல்லாமல், ஸ்வரமும் தாளக்கட்டுமாக எழும் இசை அது. ஊரின் கடைசித் தெரு வரை கேட்கும்; சுவாமி கிளம்பிவிட்டார் என்பதை வீட்டில் இருப்பவர்கள் அதை வைத்தே தெரிந்துகொள்வார்கள். அப்பாவின் தோளில் உட்கார்ந்திருக்கும் குழந்தையும் அதைக் கேட்கும். வீதி முனையில் ஊர்வலம் நின்று ராக ஆலாபனை நீளும்போது தோளிலேயே தூங்கிப்போகும். தவில் சொல் விழுந்ததும் விழித்துக்கொள்ளும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடியைக் கேட்ட கூட்டத்தில் டிக்கெட் வாங்கியவர்களைவிட வீதியில் நின்றவர்களும் பந்தலில் உட்கார்ந்தவர்களுமே அதிகம் இருந்திருப்பார்கள். யாழ்ப்பாணத்து நல்லூர் கந்தசுவாமி கோயிலில் 25 நாள் நடக்கும் திருவிழாவிலும் தவிலும் நாகஸ்வரமும் குடும்பம் குடும்பமாகக் கேட்கப்படுகின்றன. கல்யாணப் பந்தலில் நடந்த பாட்டுக் கச்சேரிகளிலும் ஜமக்காளத்தின் முன்வரிசை பிள்ளைகளுடையதாகவே இருந்தது. பிள்ளைகளைத் தனியாக யாரும் அழைக்கவில்லை, வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை.

சபா என்ற அமைப்பு வந்தபோது இந்த ஏற்பாடு மாறியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி, சென்னையில் உறுப்பினர் சந்தாவும் டிக்கெட்டும் கொண்ட சங்கங்கள் இசைக்குப் புரவலர்கள் ஆயின. 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டை ஒட்டிச் சென்னையில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டின் விளைவாக, 1928இல் மியூசிக் அகாடமி தொடங்கப்பட்டது. டிசம்பர் இசைவிழாவுக்கு வேர் அங்கேதான். அதே காலகட்டத்தில் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967), வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகளும் ராக விஸ்தாரமும் தனி ஆவர்த்தனமும் கடந்து துக்கடாக்களில் முடியும் கச்சேரி முறையை நிலைநிறுத்தினார். வரிசை நாற்காலியும் மைக்கும் மூடிய கதவும் வந்தன. இவற்றால் இசைக்குக் கிடைத்த நன்மை பெரிது. தம்புராவின் நாதம் கடைசி வரிசை வரை எட்டுவதற்கும், ஒரு காந்தாரத்தின் அசைவை நுணுக்கமாகக் கேட்பதற்கும் அந்த அமைதி வேண்டும். அதைக் குறைத்துப் பேசுவது சரியல்ல. ஆனால் அமைதியோடு சேர்த்து, குழந்தைக்கு இங்கே இடமில்லை என்ற எழுதாத விதியும் உள்ளே வந்துவிட்டது. அதை யாரும் முடிவெடுத்து வைக்கவில்லை. அதனாலேயே, அது தேவைதானா என்று யாரும் கேட்கவும் இல்லை.

தேவையில்லை என்பதற்கு முதல் சாட்சி நம் இசையின் சொந்த வரலாறு. இசை உலகில் 'கேள்வி ஞானம்' என்று ஒரு சொல் உண்டு. பாடம் கேட்டு, நோட்டில் எழுதி வருவது ஒரு ஞானம். காதால் கேட்டுக் கேட்டே சேர்வது இன்னொரு ஞானம். திருக்குறளில் கல்விக்கு ஓர் அதிகாரம் இருக்க, கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் இருப்பது இந்த மொழி கேட்பதற்கு எவ்வளவு மதிப்புத் தந்தது என்பதைக் காட்டும். டி.கே.பட்டம்மாள் (1919–2009) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. குருவின் வீட்டில் தங்கிப் பயிலும் குருகுலவாசம் அவருக்கு வாய்க்கவில்லை. காஞ்சிபுரத்தில் சிறுமியாகக் கச்சேரிகளில் உட்கார்ந்து கேட்டார். வீடு திரும்பியதும், கேட்ட கீர்த்தனைகளையும் ராகப் பிடிகளையும் நினைவிலிருந்து எழுதி வைத்தார், சகோதரர்கள் உதவினார்கள். அந்தச் சிறுமியை 'உனக்கு என்ன புரியும்' என்று வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தால் கர்னாடக இசைக்கு எவ்வளவு பெரிய இழப்பு ஏற்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். மதுரையில் வீணைக் கலைஞரான தாய் சண்முகவடிவுக்கு மகளாகப் பிறந்த எம்.எஸ்.சுப்புலட்சுமிக்கும் இசை முதலில் வீட்டு ஒலியாகத்தான் வந்தது, பாடமாக அல்ல.

இங்கே ஒரு மறுப்பு வரும். அவர்கள் மேதைகள், எல்லாக் குழந்தைகளும் அப்படி ஆகிவிடுமா என்று கேட்பார்கள். ஆகாது, ஆகவும் வேண்டாம். நம் இசைச் சூழலின் ஒரு குறையே இதில்தான் இருக்கிறது. மேடையில் உட்காரும் குழந்தையை நாம் கொண்டாடத் தெரிந்தவர்கள். ஏழு வயதில் மேடையேறிய புல்லாங்குழல் மாலியையும், ஒன்பது வயதில் கச்சேரி செய்த மாண்டலின் ஸ்ரீனிவாஸையும் இன்றும் வியந்து பேசுகிறோம். பாட்டு வகுப்பு, போட்டி, பரிசு, அரங்கேற்றம் என்று பாடும் குழந்தைக்கு ஒரு நீண்ட பாதை போட்டு வைத்திருக்கிறோம். ஆனால் அரங்கில் உட்கார்ந்து கேட்கும் குழந்தைக்கு எந்தப் பாதையும் இல்லை. பாட்டு வகுப்புக்குப் போகும் பிள்ளைகளில் மிகச் சிலரே மேடைக்கு வருவார்கள். மற்ற எல்லோரும் நல்ல ரசிகர்களாக வளர வேண்டியவர்கள். வகுப்பில் சேர்த்துவிட்டு, கச்சேரிக்குக் கூட்டிப் போகாமல் இருப்பது, ஒரு மொழியின் இலக்கணத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு அந்த மொழியில் யாரும் பேசிக் கேட்காமல் வைத்திருப்பதற்குச் சமம். பாடகர்கள் பெருகி ரசிகர்கள் சுருங்கும் கலை எத்தனை நாள் நிற்கும்?

குழந்தைக்கு என்ன புரியும் என்ற கேள்விக்கு இப்போது அறிவியலிலிருந்தும் பதில் இருக்கிறது. கருவின் ஆறு, ஏழாம் மாதத்திலேயே சிசுவுக்குக் காது கேட்கத் தொடங்கிவிடுகிறது. வளைகாப்பில் அடுக்கும் வளையலின் ஓசை வயிற்றுக் குழந்தைக்குக் கேட்கும் என்று நம் பாட்டிமார் சொல்லிவந்தது வெறும் சம்பிரதாயப் பேச்சு அல்ல. பிறந்த பிறகு நடப்பது இன்னும் வியப்பானது. எரின் ஹானன், சாண்ட்ரா டிரெஹப் என்ற இரு ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வுகளில், வட அமெரிக்கக் குழந்தைகளுக்குப் பால்கன் பகுதியின் நாட்டார் தாளங்களைக் கேட்கச் செய்தார்கள். ஏழு ஏழாக எண்ணிக்கை போகும் அந்தத் தாளங்கள், 3+2+2 என்று பிரியும் நம் மிஸ்ர சாப்புக்கு நெருங்கிய உறவு. அத்தகைய தாளத்தில் ஏற்பட்ட பிசகை வட அமெரிக்கப் பெரியவர்களால் பிடிக்க முடியவில்லை. ஆறு மாதக் குழந்தைகள் பிடித்தார்கள். பன்னிரண்டு மாதம் ஆனபோது அந்தத் திறமை மங்கி, குழந்தைகளும் தம் ஊர்ப் பெரியவர்களைப் போலவே ஆகிவிட்டிருந்தார்கள். ஆனால் வீட்டில் இரண்டு வாரம் அந்த இசையைக் கேட்கச் செய்ததும் பன்னிரண்டு மாதக் குழந்தைகளிடம் அது திரும்பி வந்தது. அதேபோல் கேட்ட பெரியவர்களிடம் வரவில்லை. எந்தத் தாளத்துக்கும் திறந்த காதோடு குழந்தை பிறக்கிறது, எதைக் கேட்டு வளர்கிறதோ அதற்கேற்பக் காது தன்னை அமைத்துக்கொள்கிறது என்பதே இதன் பொருள். நாற்பது வயதில் சபா உறுப்பினராகி மிஸ்ர சாப்பை விரல் விட்டு எண்ணிப் பழகும் பெரியவருக்குக் கடினமாக இருப்பது, மடியில் கிடக்கும் குழந்தைக்கு இயல்பாக வந்து சேரும்.

அப்படியானால் வீட்டில் யூடியூபில் போட்டுவிட்டால் போதாதா என்று கேட்கலாம். வீட்டில் கேட்பது நல்லது. மேலே சொன்ன குழந்தைகளும் வீட்டில்தான் கேட்டார்கள். ஆனால் நேரில் ஒருவர் முன்னால் இருக்கும்போது குழந்தை கற்கும் விதமே வேறு என்று காட்டும் ஒரு புகழ்பெற்ற ஆய்வும் உண்டு. பாட்ரிசியா கூல் குழுவினர் 2003இல் வெளியிட்ட அந்த ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளில் சிலருக்குச் சீன மொழி பேசுபவர்கள் எதிரே உட்கார்ந்து பேசி விளையாட்டுக் காட்டினார்கள். வேறு சிலருக்கு அதையே வீடியோவிலும் ஒலிப்பதிவிலும் தந்தார்கள். நேரில் கேட்டவர்கள் சீன மொழியின் ஒலி வேறுபாட்டைப் பிரித்தறியக் கற்றார்கள். பதிவில் கேட்டவர்கள் கற்கவில்லை. இது மொழியைப் பற்றிய ஆய்வு. அப்படியே இசைக்குப் பெயர்த்துச் சொல்வது மிகையாகிவிடும். ஆனாலும் கச்சேரியைக் கவனித்தவர்களுக்கு இதில் உள்ள உண்மை எளிதில் புலப்படும். பதிவில் ஒலி மட்டும் வருகிறது. அரங்கில், பாடகர் மூச்சு வாங்குவதும், அவர் விட்ட பிடியை வயலின்காரர் எடுத்து நீட்டுவதும், அதைக் கேட்டுப் பாடகர் தலையசைப்பதும், மிருதங்கத்தில் சுருதி சேர்க்கக் கல்லால் தட்டுவதும் சேர்ந்து வருகின்றன. பக்கத்தில் இருக்கும் அம்மா ஒரு சங்கதிக்குக் கண்மூடிச் சிலிர்ப்பதையும் குழந்தை பார்க்கிறது. எது கவனிக்கத் தக்கது என்பதைப் பெற்றவர் முகத்திலிருந்து குழந்தைகள் படிப்பார்கள். அந்தப் பாடத்தை எந்தத் திரையும் நடத்தாது.

கச்சேரியில் குழந்தைக்கென்றே திறந்திருக்கும் வாசல் ஒன்று உண்டு. கேட்பவர்கள் தொடையில் தாளம் போடுவது நம் கச்சேரியின் அழகான பழக்கம். ஆதி தாளத்தில் ஒரு தட்டு, பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், அதன்பின் இருமுறை தட்டும் வீச்சும், ஆக எட்டு. வரிசையில் பத்துப் பேர் ஒன்றாக இதைப் போடும்போது இசையின் கணக்கு கண்ணால் பார்க்கும் பொருளாகிவிடுகிறது. நான்கு வயதுப் பிள்ளை அதைப் பார்த்தே பிடித்துக்கொள்ளும். அந்தக் கணக்கு உச்சத்துக்கு ஏறும் இடம் தனி ஆவர்த்தனம். மிருதங்கமும் கடமும், அல்லது மிருதங்கமும் கஞ்சிராவும், மாறி மாறி வாசிப்பார்கள். ஒருவர் வாசித்ததற்கு மற்றவர் பதில் சொல்வார். குறைப்பு வரும்போது அந்தக் கேள்வியும் பதிலும் படிப்படியாகச் சுருங்கும். கடைசியில் இருவரும் சேர்ந்து மோரா, கோர்வை என்ற முடிப்புக் கணக்குகளை வைத்துப் பாட்டின் எடுப்பில் வந்து இறங்குவார்கள். இதற்கு மொழி தெரிய வேண்டாம், ராகம் தெரிய வேண்டாம். அடுத்து எங்கே விழப்போகிறது என்று காத்திருப்பதும், விழுந்ததும் மகிழ்வதும் குழந்தையின் விளையாட்டுக்கு மிக நெருக்கமானவை. பெரியவர்களில் பலர் எழுந்து கேன்டீனுக்குப் போகும் நேரமும் இதுதான். அவர்கள் விட்டுப்போகும் பகுதியே பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்க்கக்கூடிய பகுதி. ஆகவே, குழந்தையோடு முழுக் கச்சேரியும் இருக்க முடியாத பெற்றோர், பிரதான உருப்படி தொடங்கும் நேரத்துக்கு வந்து, தனி கேட்டுவிட்டுக் கிளம்பினாலும் அந்த மாலை வீணாகாது.

ஆனால் எதற்காகக் கூட்டிப் போகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். இசை கேட்டால் மூளை வளரும், கணக்கு வரும், மதிப்பெண் ஏறும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இதன் ஒரு மூலம் 1993இல் 'நேச்சர்' இதழில் வந்த சிறு ஆய்வு. மொசார்ட்டின் இசையைக் கேட்ட கல்லூரி மாணவர்கள் இடஞ்சார்ந்த சில புதிர்களைச் சிறிது நேரம் மட்டும் நன்றாகச் செய்தார்கள் என்றது அது. அதில் குழந்தைகளே இல்லை. பலன் கால் மணி நேரம்கூட நீடிக்கவில்லை. பின்னர் திரும்பச் செய்து பார்த்தவர்களில் பலருக்கு அந்தப் பலனும் கிடைக்கவில்லை. ஆனாலும் 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு வழங்க அரசுப் பணம் கேட்கும் அளவுக்கு அந்த நம்பிக்கை ஊதிப் பெருத்தது. மதிப்பெண்ணுக்காகக் கச்சேரிக்குப் போகும் வீட்டில் மதிப்பெண் ஏறாதபோது கச்சேரி நின்றுவிடும். பிள்ளைமேல் இசையைத் திணிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் இங்கிருந்துதான் பிறக்கிறது. வீடு திரும்பும் வழியில் 'அது என்ன ராகம் சொல்லு' என்று பரீட்சை வைத்தால், அடுத்த முறை பிள்ளை வயிற்றுவலி என்று சொல்லும். பெற்றோர் தமக்காக, தம் ஆசைக்காகப் போக வேண்டும். பிள்ளை கூட வர வேண்டும். தனக்காகப் போகும் பெற்றோரிடம் திணிப்பு இருக்காது. அம்மாவுக்கு உயிரான ஒன்று இங்கே இருக்கிறது என்பதை மட்டும் பிள்ளை அறிந்துகொண்டால் போதும். பிடிக்கிறதா இல்லையா என்பதை அது பிறகு தானே முடிவு செய்யும்.

இனி, மறுப்புகளில் மிக வலுவானதற்கு வருவோம். குழந்தை அழும், ஓடும், பேசும். காசு கொடுத்து வந்த மற்றவர்கள் ஏன் சகித்துக்கொள்ள வேண்டும்? இது நியாயமான கேள்வி. ஆலாபனை கீழ்ஸ்தாயியில் நுண்ணிழையாகப் போகும்போது எழும் ஓர் அழுகை, பாடுபவரையும் கேட்பவரையும் ஒருசேரக் கலைத்துவிடும். பெற்றோரின் உரிமை மற்றவர்களின் அமைதியைத் தின்றுவிடக் கூடாது. இதற்கான நாகரிகம் பெற்றோரிடமிருந்து தொடங்க வேண்டும். நடைபாதையை ஒட்டிய நாற்காலி, கதவுக்குப் பக்கத்து வரிசை, பசி தீர்ந்த வயிறு, சத்தம் போடாத தின்பண்டம், முதல் சிணுங்கலிலேயே எழுந்து வெளியே வந்துவிடும் உறுதி, இவை இருந்தால் இடைஞ்சல் பெருமளவு குறையும். மார்கழியில் பல சபாக்களில் காலையிலும் மதியத்திலும் நடக்கும் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது. கூட்டம் குறைவு, நேரமும் குறைவு, பாடுபவர்களும் இளைஞர்கள். கைக்குழந்தைக்காரர்கள் தொடங்க வேண்டிய இடம் அதுவே. மூத்த வித்வானின் மாலைக் கச்சேரிக்கு, அமைதியாக இருக்கப் பழகிய பிறகு போகலாம். அந்தப் பழக்கம் வீட்டில் உட்கார்ந்திருந்தால் வராது. நீந்தக் கற்ற பிறகுதான் தண்ணீரில் இறங்குவேன் என்றால் எப்படி முடியும்?

பெற்றோரின் நாகரிகம் மட்டும் போதாது, ஏற்பாடும் வேண்டும். உலகில் பிற இடங்களில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழு பிள்ளைகளுக்கென்றே நடத்திவந்த கச்சேரிகளை லியனார்ட் பெர்ன்ஸ்டைன் 1958 முதல் 1972 வரை தொலைக்காட்சி வழியே வீடுகளுக்கும் கொண்டுசென்றார். ஸ்வரம் என்றால் என்ன, மெட்டு என்றால் என்ன என்று மேடையிலிருந்தே விளக்கி வாசித்துக் காட்டினார். மேலைச் செவ்வியல் இசைக்குப் பேர்போன லண்டன் விக்மோர் ஹால், கைக்குழந்தையோடு வரும் பெற்றோருக்கென்றே தனிக் கச்சேரிகள் நடத்துகிறது; அங்கே குழந்தை அழுதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பக்கத்திலேயே, திருவனந்தபுரத்தில் கேரள அரசுத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் திரையரங்க வளாகத்தில், அழும் குழந்தையோடு பெற்றோர் உட்கார்ந்து படத்தைத் தொடர்ந்து பார்க்கும்படி சத்தம் வெளியே போகாத கண்ணாடி அறை ஒன்றை 2022இல் அமைத்தார்கள். நம் நாட்டில் 1977இல் டெல்லி ஐஐடியில் தொடங்கிய ஸ்பிக் மக்கே இயக்கம் பெரும் வித்வான்களைப் பள்ளிக்கூடத்துக்கே அழைத்து வருகிறது. மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் பிள்ளைகள் மைக் இல்லாமல் பாடும் கச்சேரிகள் நடந்திருக்கின்றன. மரத்தடியில் எழுந்து நடக்கும் குழந்தை யாருக்கும் தொந்தரவு இல்லை. சபாக்கள் இவற்றில் ஒன்றையாவது எடுத்துக்கொள்ளலாம். பின்பக்கம் இரண்டு வரிசையைக் குடும்பங்களுக்கு ஒதுக்கலாம். முன்கூடத்தில் ஒரு திரையும் ஒலிபெருக்கியும் வைத்தால், குழந்தையோடு வெளியே வந்த தாய்க்குப் பாட்டு அறுந்துபோகாது. பாலூட்ட ஒரு மூலை, விடுமுறை நாள் காலையில் ஒரு மணி நேரக் குடும்பக் கச்சேரி. செலவு அதிகமில்லை. கேன்டீனுக்கு ஒதுக்கும் இடத்திலும் அக்கறையிலும் பத்தில் ஒரு பங்கு போதும்.

கர்னாடகக் கச்சேரிக்குச் சொன்னது எல்லா நேரடி இசைக்கும் பொருந்தும். ஆனால் திறந்தவெளித் திரையிசை நிகழ்ச்சி என்றால் கூடுதல் கவனம் வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம், பாதுகாப்பாகக் கேட்பதற்குப் பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல் என்றும், குழந்தைகளுக்கு 75 டெசிபல் என்றும் அளவு சொல்கிறது. சத்தம் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகக் குறையும். இந்தக் கணக்குப்படி 99 டெசிபலில் ஒரு குழந்தையின் ஒரு வார அளவு பத்து நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். நிகழ்ச்சி அரங்குகளுக்கு அதே நிறுவனம் 2022இல் வகுத்த மேல்வரம்பே சராசரி 100 டெசிபல். ஒலிபெருக்கி அடுக்கின் முன்னால் குழந்தையை உட்கார வைப்பது எவ்வளவு ஆபத்து என்பது இதிலேயே தெரியும். பிள்ளைகளுக்கான காதுமூடி கட்டாயம். தூரத்து இடமே நல்ல இடம். 2023 செப்டம்பரில் சென்னையை அடுத்த பனையூரில் நடந்த ஏ.ஆர்.ரகுமான் நிகழ்ச்சியில், டிக்கெட் வாங்கியும் உள்ளே நுழைய முடியாமல் குழந்தைகளோடு நெரிசலில் தவித்த குடும்பங்களைத் தமிழ்நாடே பார்த்தது. ரகுமானே வருத்தம் தெரிவித்தார். குழந்தையை நினைத்துத் திட்டமிட்ட வாசலும் வழியும் இருந்தால் அவை முதியவருக்கும் ஊனமுற்றவருக்கும், எல்லோருக்குமே பாதுகாப்பாக இருக்கும். ஓர் அரங்கு நன்றாக நடத்தப்படுகிறதா என்று அறிய, குழந்தையோடு அங்கே போக முடிகிறதா என்று பார்த்தாலே போதும்.

கடைசியாக ஒரு கேள்வி மிச்சம். சபா என்பதே எல்லோருக்குமான இடமா, டிக்கெட் வாங்க முடியாத, அந்த வாசலை மிதித்தே அறியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பது சரிதான். சபாவின் வாசல் நெடுங்காலம் சிலருக்கு மட்டுமே பழகிய வாசலாக இருந்தது. 2015இல் பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் தொடங்கிய விழா, கடற்கரையோர மீனவக் குப்பத்துக்கே பல இசைகளையும் கலைகளையும் கொண்டுவந்தது. மேடைக்கு மிக அருகில் உட்கார்ந்தது அந்தக் குப்பத்துப் பிள்ளைகள். திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனைக்குச் சீட்டும் இல்லை, கட்டணமும் இல்லை. பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் பொருளைச் செலவிட்டுத் தியாகராஜருக்கு எழுப்பிய சந்நிதியின் முன்னே, காவிரிக் கரையில் நூற்றுக்கணக்கானவர்கள் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகங்களில் பஞ்சரத்தின கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடும்போது பிள்ளைகளும் நடுவில் இருப்பார்கள். கடல் கடந்து, அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1978 முதல் நடக்கும் தியாகராஜர் ஆராதனை அங்கே தழைத்ததற்கு ஒரு காரணம், பெற்றோர் தம் பிள்ளைகளைக் கையோடு அழைத்து வந்தது. பறை, வில்லுப்பாட்டு, தெருக்கூத்து, நாகஸ்வரம், தேவாலயப் பாடற்குழு என்று எந்த இசை பெற்றோரின் நெஞ்சுக்கு நெருக்கமோ, அது குழந்தைக்கும் முதல் பள்ளி. சபாக்கள் தம் வாசலை அகலத் திறக்க வேண்டியது குழந்தைக்காக மட்டுமல்ல என்பதும் உண்மை. ஆனால் குழந்தைக்குத் திறக்காத வாசல் வேறு யாருக்கும் எளிதில் திறக்காது.

2017இல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பு நகரமாக அறிவித்தபோது பெருமைப்பட்டோம். அந்தப் பெருமை நிலைக்க வேண்டுமானால் இந்த ஊரில் வித்வான்கள் இருந்தால் மட்டும் போதாது. கேட்கத் தெரிந்த காதுகள் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தக் காதுகள் இப்போது வீடுகளில், மடியில் கிடக்கின்றன. இசையை நேசிக்கும் அம்மாக்களே, அப்பாக்களே, பிள்ளை வளரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வருகிற மார்கழியில் டிக்கெட் இல்லாத ஒரு மதியக் கச்சேரிக்குக் குழந்தையோடு போங்கள். நடைபாதை ஓரமாக உட்காருங்கள். ஒரு கீர்த்தனையும் தனி ஆவர்த்தனமும் கேளுங்கள். சிணுங்கினால் தயங்காமல் எழுந்து வாருங்கள். அடுத்த வாரம் மறுபடியும் போங்கள். பக்கத்து நாற்காலியில் இருக்கும் மூத்த ரசிகர்களே, அந்தக் குழந்தை உங்கள் தாளத்தைப் பார்த்துத் தன் தொடையில் தட்டினால் முகம் சுளிக்காதீர்கள், விரலை இன்னும் கொஞ்சம் தெளிவாகப் போட்டுக் காட்டுங்கள். நாளை அந்த நாற்காலியில் உட்காரப் போவது அந்தப் பிள்ளைதான்.